எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: என்ஜினைக் கடாசச் சொல்ற புண்ணியவான்களுக்கு...

முதல்லயே சொல்லிடறேன், இது கேம் விமர்சனம் இல்லை. வராத கேமுக்கு விமர்சனம் எழுதற அளவுக்கு எனக்கு இன்னும் முத்தலை. இது சண்டைப் பதிவு. யார்கூட சண்டைன்னா, 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 ஏன் இன்னும் வரலை?'ன்னு யாராவது வாயைத் திறந்ததுமே, 'அந்த ஓட்டை என்ஜினைக் கடாசிட்டு அன்ரியலுக்கு மாறினா அடுத்த வருஷமே வந்துடும்'னு தீர்ப்பு எழுதற அறிவாளிங்ககூட. போன வாரம் டீக்கடையில ஒருத்தர் சொன்னார். நேத்து ஆபீஸ் கேண்டீன்ல இன்னொருத்தர். ரெண்டு பேருமே நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்க. அதான் எரிச்சல். வெளியாள் சொன்னா மன்னிச்சு விட்டுடலாம். வருஷக்கணக்கா ஆணி பிடுங்கறவன் சொல்லலாமா?

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன கொசுவத்தி. 2018 ஜூன் 10. அமெரிக்காவுல இ3 விளையாட்டுக் கண்காட்சி சமயம், பெத்தெஸ்டா கம்பெனியோட மேடை. டாட் ஹோவர்ட் வந்து ஃபால்அவுட் 76 பத்தி நிறையப் பேசினார், ஸ்டார்ஃபீல்டுக்கு ஒரு துணுக்குப் படம் காட்டினார், கடைசியா இது. ஒரு மலைத்தொடர், கொஞ்சம் கடற்கரை, பழக்கமான அந்த இசை, 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6'ன்னு எழுத்து. மொத்தம் 36 நொடி. நான் அப்ப காலேஜ்ல இருந்தேன். ஹாஸ்டல்ல ஒரே போனை ஆறு பேர் சுத்தி நின்னு பார்த்தோம். அந்த மலையோட வடிவத்தை வெச்சு இது ஹேமர்ஃபெல்லா, ஹை ராக்கான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடிச்சுக்கிட்டோம். அந்த ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு இப்ப கல்யாணம் ஆகி குழந்தை இருக்கு. கேமுக்கு நான் இதை எழுதற வரைக்கும் தேதிகூட இல்லை. 'வரும்.. ஆனா வராது' கதைதான்.

இதுல பெத்தெஸ்டா பண்ணினது தப்பா? தப்புதான். அதுல எனக்குக் கருணையே கிடையாது. கணக்கைப் பாருங்க. 2018-ல அறிவிச்ச கேம் முன்தயாரிப்புக் கட்டத்தைத் தாண்டி ஆரம்பகட்ட உருவாக்கத்துக்கு வந்துடுச்சுன்னு அவங்களே சொன்னது 2023 ஆகஸ்ட்ல. ஸ்டார்ஃபீல்ட் வெளிவர்ற நேரம் அது. அதாவது அந்த 36 நொடிக்குப் பின்னாடி விளையாடறதுக்குன்னு ஒண்ணுமே இல்லை. ஒரு மலை, ஒரு இசை, ஒரு பேர். அவ்வளவுதான் சரக்கு. 2023 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் மேல நடந்த வழக்குல ஃபில் ஸ்பென்சர் கோர்ட்லயே, இந்த கேம் வர இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும்னு சொல்லிட்டார்.

என் அனுமானம் என்னன்னா, அந்த மேடையோட பெரிய சரக்கு ஃபால்அவுட் 76. அது ஆன்லைன்ல கூட்டமா ஆடற கேம். தனியா உக்காந்து ஆடற பழைய வாடிக்கையாளர் மூஞ்சி சுருங்கிடும்னு பயந்து, 'அழாதே ராசா, உனக்கும் இருக்கு'ன்னு கையில குடுத்த மிட்டாய் காகிதம்தான் அந்தப் படம். உள்ள மிட்டாய் இல்லை. இப்படி அறிவிச்சிருக்க வேணாம்ங்கிற தொனியில டாட் ஹோவர்டே பின்னாடி பேட்டிகள்ல பேசிட்டார்.

இவங்களுக்கு அறிவிக்கத் தெரியாதா என்ன? ஸ்கைரிம்மை 2010 டிசம்பர்ல அறிவிச்சு 2011 நவம்பர் 11-ல குடுத்தாங்க. ஃபால்அவுட் 4-ஐ 2015 ஜூன்ல சொல்லி நவம்பர்ல குடுத்தாங்க. அஞ்சே மாசம். அப்ப எவனும் என்ஜினைப் பத்திப் புலம்பலை.

இங்கதான் நம்ம அறிவாளிங்க தடம் மாறறாங்க. அறிவிப்பு சீக்கிரம் வந்ததை விட்டுட்டு, கேம் லேட்டா வருதுன்னு முடிவு பண்ணி, லேட்டுக்குக் காரணம் என்ஜின்னு கண்டுபிடிச்சுட்டாங்க. என்ஜின்னா இவங்க மனசுல இருக்கறது படம் எவ்வளவு பளபளன்னு இருக்குங்கிறது மட்டும்தான். தண்ணியில வெளிச்சம் எப்படி விழுது, தாடி மயிர் எப்படி ஆடுது, அது.

ஸ்கைரிம் ஆடினவங்க யோசிச்சுப் பாருங்க. நீங்க வாங்கின வீட்டு மேஜை மேல ஒரு பாலாடைக் கட்டியை வெச்சுட்டு, நாப்பது மணி நேரம் ஊர் சுத்திட்டு, ரெண்டு டிராகனைக் கொன்னுட்டு வந்தா அது அங்கேயே இருக்கும், நீங்க வெச்ச கோணத்துல. அந்தக் கட்டி வெறும் படம் இல்லை. அதுக்கு எடை இருக்கு, விலை இருக்கு, யாருக்குச் சொந்தம்ங்கிற விவரம் இருக்கு, எடுத்தா திருட்டான்னு கணக்கு இருக்கு. இதே மாதிரி ஆயிரக்கணக்கான சாமான். கடைக்காரர் காலையில கடை திறக்கறார், ராத்திரி பூட்டிட்டுத் தூங்கப் போறார். நீங்க பார்க்காத நேரத்துலயும் அவருக்கு ஒரு நாள் ஓடிக்கிட்டு இருக்கு. இத்தனையையும் ஒரு சேவ் ஃபைல்ல ஞாபகம் வெச்சுக்கணும். இந்தக் குடும்பத்துல மாரோவிண்டுக்கு 2002-ல நெட்இமர்ஸ், ஆப்லிவியனுக்கு 2006-ல கேம்ப்ரியோ, ஸ்கைரிம்முக்குக் கிரியேஷன் என்ஜின், ஸ்டார்ஃபீல்டுக்குக் கிரியேஷன் என்ஜின் 2. 'இருபது வருஷப் பழசு'ன்னு இவங்க நக்கல் பண்றது இந்த வம்சாவளியைத்தான். இருபது வருஷமா அதுக்குள்ள சேர்த்து வெச்ச வேலை என்னன்னு கேட்டா பதில் வராது.

வாளித் திருட்டு ஞாபகம் இருக்கா? கடைக்காரர் தலையில ஒரு வாளியைக் கவுத்துட்டு, அவர் கண்ணு முன்னாடியே கடையைக் காலி பண்ணலாம். மனுஷன் சும்மா நிப்பார். இதை யாரும் கதையில எழுதி வைக்கலை. சாமானுக்கு உருவம் இருக்கு, ஆளுக்குப் பார்வை இருக்கு, உருவம் பார்வையை மறைக்கும். மூணு விதியும் சேர்ந்து தானா பொறந்த காமெடி அது. ஸ்கைரிம் வந்த புதுசுல உலகமே இதைப் பார்த்துத்தானே சிரிச்சுது?

இன்னொண்ணு. ஸ்கைரிம் ஆரம்பத்துல கைதிகளை வண்டியில கூட்டிக்கிட்டுப் போற காட்சி. அந்த வண்டி படமா ஓடலை, நிஜமாவே பௌதிக விதிப்படி குலுங்கி ஓடுது. உருவாக்கும்போது ஒரு கட்டத்துல வண்டி திடீர்னு ராக்கெட் மாதிரி வானத்துக்குப் பறக்க ஆரம்பிச்சுதாம். எப்பவும் இல்லை, எப்பவாவது. தேடித் தேடிப் பார்த்தா காரணம் ஒரு தேனீ! தேனீயைக் கையால பிடிக்க முடியலைன்னு ஒரு பக் இருந்திருக்கு. அதைச் சரி பண்ணினப்ப தேனீக்கு மோதற உடம்பு வந்துடுச்சு. ஆனா தேனீயை எதுவும் அசைக்க முடியாது. அது பாதையில குறுக்க வந்தா வண்டி காலி. அங்க வேலை பார்த்த நேட் பர்கிபைல் 2021-ல சொன்ன கதை இது. படிச்சப்ப எங்க புராஜக்ட்டே ஞாபகம் வந்துது. ஒரு இடத்துல கமா போட்டா வேற ஊர்ல பில்லு தப்பா அடிக்கும் :)

இந்த மாதிரித் தேனீக்கள் எத்தனை ஆயிரம் செத்து, அந்த என்ஜின் இன்னைக்கு நிக்குதுன்னு யோசிங்க. புது வீட்டுக்குப் போனா பழைய தேனீ வராதுதான். புதுசா வேற தேனீ வரும். அதைக் கண்டுபிடிக்கற பழைய ஆள் இருக்க மாட்டார்.

'சும்மா கற்பனை'ன்னு சொல்றவங்களுக்கு நடந்த கதை சொல்றேன். பயோவேர்னு ஒரு கம்பெனி. டிராகன் ஏஜ், மாஸ் எஃபெக்ட் பண்ணினவங்க. ஈஏ குடைக்குக் கீழ இருந்ததால ஃப்ராஸ்ட்பைட் என்ஜினுக்கு மாறினாங்க. ஃப்ராஸ்ட்பைட்டை டைஸ் செஞ்சது பேட்டில்ஃபீல்டுக்காக, அதாவது துப்பாக்கி கேமுக்காக. படம் சும்மா அள்ளும். ஆனா ஒரு ஆர்பிஜிக்கு வேணுங்கிற சேவ் வசதியோ, மூட்டை முடிச்சைக் கணக்கு வெக்கற வசதியோ அதுல இல்லை. எல்லாத்தையும் முதல்ல இருந்து கட்ட வேண்டியதாச்சு. 2014-ல டிராகன் ஏஜ் இன்க்விசிஷனை எப்படியோ கரையேத்தி, அந்த வருஷத்து சிறந்த கேம் விருதும் வாங்கிட்டாங்க. ஆனா உள்ள ஆளுங்க பட்ட பாட்டை ஜேசன் ஷ்ரையர் தன்னோட 2017 புத்தகத்துல எழுதியிருக்கார். அப்புறம் 2017-ல மாஸ் எஃபெக்ட் ஆன்ட்ரோமெடா வந்துது. அந்த மூஞ்சிங்களை வெச்சு ஊரே கேலி பண்ணினது நமக்கே தெரியும்.

இதே விஷயத்துல நம்ம துறை மூத்தவர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000 ஏப்ரல்லயே எழுதிட்டார். ஓடற கோடைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுதறதுதான் ஒரு கம்பெனி பண்ணக்கூடிய பெரிய தப்புன்னு. அவர் காட்டின உதாரணம் நெட்ஸ்கேப். பதிப்பு 4-க்கு அப்புறம் 5 வரவே இல்லை. திரும்ப எழுதி 6 வர்றதுக்குள்ள மூணு வருஷம் ஓடிடுச்சு, மைக்ரோசாஃப்ட் கடையைப் பிடிச்சுடுச்சு. பழைய கோட் அசிங்கமாத் தெரியறதுக்குக் காரணம் அதுல ஒட்டியிருக்கற ஒவ்வொரு ஒட்டும் ஒரு பக்குக்கு வெச்ச மருந்துங்கிறதுதான் அவரோட வாதம்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பேர் வேணாம், நான் முன்ன இருந்த ஒரு இடத்துல 'பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசா எழுதறோம், ஆறு மாசம்'னு டேமேஜர் கிளையன்ட்கிட்ட வாக்கு குடுத்துட்டார். நல்ல பளபளன்னு ஒரு திரையைக் காட்டி. (ஆமா, 36 நொடிப் படம் மாதிரியேதான்.) ரெண்டு வருஷம் ராத்திரி பகலா பிடுங்கினோம். புதுசு எழுதினவங்கள்ல பாதிப் பேர் வேற கம்பெனி போயிட்டாங்க. நான் கிளம்பற அன்னைக்கும் ஓடிக்கிட்டிருந்தது அந்தப் பழசுதான்.

'அப்ப சிடி புராஜக்ட் மட்டும் ஏன் மாறினாங்க?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2022 மார்ச்ல புது விட்சரை அன்ரியல் 5-ல செய்யறோம்னு சொன்னாங்க. அவங்க கதை வேற. சொந்த என்ஜினை ஒவ்வொரு கேமுக்கும் பெருசா மாத்தி மாத்தி, சைபர்பங்க் 2077-ல மூச்சு வாங்கி, அது 2020 டிசம்பர்ல வந்த வேகத்துல பிளேஸ்டேஷன் கடையில இருந்தே தூக்கற அளவுக்குப் போச்சு. அவங்களுக்கு மாறறதுல லாபம் இருக்கலாம். ஆனா மாறினதால சீக்கிரம் வந்துடுச்சா? விட்சர் 3 வந்தது 2015-ல. அதுக்கப்புறம் எத்தனை வருஷம்னு நீங்களே விரல் விட்டு எண்ணிக்குங்க.

இப்ப நம்ம அறிவாளிங்க கையில இருக்கற கடைசி ஆயுதத்துக்கு வரேன். ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட். 2025 ஏப்ரல் 22. 'பாத்தியா, அன்ரியல்ல போட்டதும் எப்படி ஜொலிக்குது!' ஜொலிக்குது, மறுக்கலை. ஆனா கொஞ்சம் மூடியைத் திறந்து பாருங்கப்பா. அன்ரியல் பார்த்துக்கிட்டது வெளிப்பூச்சை மட்டும். உள்ள கேமை ஓட்டறது அதே 2006 ஆப்லிவியனோட பழைய என்ஜின்தான்! கடைக்காரர் தூங்கறதும், ஆப்பிள் உருண்டு ஓடறதும், பழைய பக்குகளும் எல்லாம் அதே. விர்ச்சுவோஸ்காரங்க பழசைத் தொடாம மேல சட்டை மாட்டினாங்க. பழசைத் தூக்கிப் போடணும்ங்கிறதுக்கு ஆதாரமா, பழசைத் தூக்கிப் போடாம செஞ்ச கேமைக் காட்டறதுக்கு ஒரு தைரியம் வேணும். அது போக, திறந்தவெளியில ஓடும்போது அது திக்கித் திணறுதுன்னு எத்தனை பேர் புலம்பினாங்க! சட்டையும் கனமாத்தான் இருந்திருக்கு.

அந்த ரீமாஸ்டர் அறிவிச்சது எப்போ தெரியுமா? வெளியிட்ட அதே நாள். காலையில (நமக்கு ராத்திரி) சொன்னாங்க, உடனே கடையில வெச்சாங்க. சில நாள்ல 40 லட்சம் பேர் ஆடிட்டாங்கன்னு அவங்களே சொன்னாங்க. அதே பெத்தெஸ்டா!

மாட் விஷயத்தைப் பத்தி இவங்க யாரும் பேசவே மாட்டாங்க. (மாட்னா மாடு இல்லைங்க, கேமை நாமளே மாத்தி அமைக்கறது. சரி சரி, அடிக்க வராதீங்க.) மாரோவிண்டோட கம்பெனி தன் கருவியையே ஜனங்க கையில குடுத்துடுச்சு. அன்னைக்குப் போட்ட அமைப்பு, அதாவது கேம்ல இருக்கற ஒவ்வொரு பொருளும் ஒரு பதிவு, அந்தப் பதிவை மேல ஒரு சின்ன ஃபைல் வெச்சு மாத்திக்கலாம்ங்கிற அமைப்பு, இன்னைக்கு வரைக்கும் தொடருது. அதனாலதான் ஒரே கேம் மேல ஒருத்தர் செஞ்ச மழை, இன்னொருத்தர் செஞ்ச ஊர், மூணாமத்தவர் செஞ்ச வாள்னு நூறு மாட் அடுக்கி ஓட்ட முடியுது. டாம்ரியல் ரீபில்ட்னு ஒரு கூட்டம் 2001-ல ஆரம்பிச்சு, மாரோவிண்டுல இல்லாத மிச்ச நிலத்தைச் சும்மா ஆசைக்குக் கட்டிக்கிட்டு வந்தாங்க. ஜெர்மனியில ஷூர்ஏஐ குழு ஸ்கைரிம்மை வெச்சே 2016-ல எண்டெரல்னு முழுசா வேற உலகம், வேற கதை குடுத்துட்டாங்க, இலவசமா. ஆஸ்திரேலியாவுல வக்கீலா இருந்த நிக் பியர்ஸ் செஞ்ச 'ஃபர்காட்டன் சிட்டி' மாட் 2016-ல அந்த நாட்டு எழுத்தாளர் சங்க விருது வாங்கிச்சு. மனுஷன் வக்கீல் வேலையையே விட்டுட்டு அதைத் தனி கேமா 2021-ல கொண்டு வந்தார். நேர்மையா சொல்லணும்னா அந்தத் தனி கேமை அவர் செஞ்சது அன்ரியல்ல :( ஆனா வக்கீலா இருந்தவரைக் கதை கட்ட உள்ள இழுத்தது எது? ஸ்கைரிம்மோட அந்தக் கருவிதானே? அன்ரியல்ல எடிட்டர் இல்லையான்னு கேக்காதீங்க, இருக்கு. இந்தப் பதிவு அடுக்கற அமைப்பு அதோட சும்மா வராது. மறுபடி கட்டணும்.

இதனால நான் பெத்தெஸ்டாவுக்கு ஜால்ரான்னு முடிவு பண்ணிடாதீங்க. அவங்களைத் திட்டறதுக்கு என்கிட்ட வேற காரணம் தாராளமா இருக்கு. ஸ்கைரிம்மை 2016-ல ஸ்பெஷல், 2017-ல ஸ்விட்ச், அதே வருஷம் விஆர், 2021-ல ஆனிவர்சரின்னு திரும்பத் திரும்ப வித்தாங்க. 36 நொடி காட்டின அதே மேடையில, அமேசான் அலெக்ஸாவுல வாயாலயே ஆடற ஸ்கைரிம்னு ஒண்ணு காமெடியா விட்டு, அது நிஜமாவே வந்துது! 2023 வரைக்கும் 6 கோடிப் பிரதிக்கு மேல வித்தாச்சு. ஆனா ரசிகர்கள் சேர்ந்து செஞ்ச அதிகாரபூர்வமில்லாத திருத்தப் பொட்டலத்துல என்னைக்கோ சரியான பக்குங்க ஒவ்வொரு புதுப் பதிப்புலயும் மறுபடி அப்படியே வந்து நின்னுது. இது என்ஜின் கோளாறா? அதுக்கு ஆள் போட மனசில்லாத கோளாறு.

ஸ்டார்ஃபீல்டும் அப்படித்தான். கதவுக்குக் கதவு லோடிங் திரை, ஒத்துக்கறேன், அது என்ஜின் மேல போடவேண்டிய குத்தம். அதைச் சரி பண்ணாம வந்தா நானே இன்னொரு சண்டைப் பதிவு போடறேன். ஆனா அந்த கேம் சலிச்சதுக்குக் காரணம் ஆயிரம் கிரகம். ஸ்கைரிம்ல எந்தத் திசையில நடந்தாலும் பத்து நிமிஷத்துல யாரோ ஒருத்தர் கையால வெச்ச ஏதோ ஒண்ணு இருக்கும். ஒரு குடிசை, உள்ள ஒரு எலும்புக்கூடு, பக்கத்துல ஒரு கடுதாசி. ஸ்டார்ஃபீல்ட்ல இயந்திரம் தூவின மண்ணுல நடந்து அதே கட்டடத்தைப் பத்தாவது தடவை பார்ப்போம். இது வடிவமைப்பு முடிவு. அன்ரியல்ல செஞ்சிருந்தா அதே சலிப்பு இன்னும் பளபளன்னு இருந்திருக்கும்.

ஸ்கைரிம் செஞ்சவங்க சுமார் நூறு பேர். இன்னைக்கு அதைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம், நாலு ஊர்ல. 2020-ல மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு தாய்க் கம்பெனியை வாங்கறதா அறிவிச்சுது. 2024 மே மாசம் அதே குடும்பத்துல இருந்த ஆர்கேன் ஆஸ்டினையும் டேங்கோவையும் மூடினாங்க. அந்த ஜூலையில பெத்தெஸ்டா கேம் ஸ்டுடியோஸ்ல 241 பேர் சேர்ந்து தொழிற்சங்கம் வெச்சாங்க. ஐடி கம்பெனியில சங்கம்னா ஹெச்ஆர் எப்படிப் பார்ப்பாங்கன்னு நமக்குத் தெரியும், அதனால அந்த 241 பேருக்கு ஒரு சல்யூட். அந்தத் தேனீ எங்கேன்னு தெரிஞ்சவங்க அவங்கதான். என்ஜினை மாத்துன்னு நீங்க சொல்றப்ப அவங்க தலையில இருக்கற இருபது வருஷத்தையும் சேர்த்துத்தான் குப்பையில போடச் சொல்றீங்க. அப்படிப் போட்டா அடுத்த ரவுண்டு ஆட்குறைப்பு மெயில்ல யார் பேர் முதல்ல வரும்னு நான் சொல்லணுமா?

எனக்கு இந்தத் தாமதத்துல உண்மையிலேயே மனசு கஷ்டமான விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். ஷர்லி கறின்னு ஒரு பாட்டி. 1936-ல பொறந்தவங்க. ஸ்கைரிம் ஆடி யூட்யூப்ல வீடியோ போட்டு, பாக்கறவங்களை எல்லாம் பேரப் பிள்ளைங்கன்னு கூப்பிட்டு உலகப் புகழ் ஆனவங்க. அடுத்த கேம்ல இவங்களை ஒரு பாத்திரமா வைக்கணும்னு ரசிகர்கள் மனு போட்டு, 2019-ல பெத்தெஸ்டாவும் சரின்னு சொல்லிடுச்சு. 2024-ல பாட்டி, கேம் வீடியோ போட்டது போதும், சலிச்சுப் போச்சுன்னு ஒதுங்கிக்கிட்டாங்க. அந்தப் பாத்திரம் எந்த ஊர்ல, எந்த வீட்டு வாசல்ல உக்காந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது. அவங்க அதைத் தானே ஆடிப் பார்க்கணும்னுதான் எனக்கு ஆசை. 2018-ல மேடையேறி மலையைக் காட்டினவங்க அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வாங்க?

சரி, ஆணி கூப்பிடுது. நாளைக்குக் கேண்டீன்ல அந்த ஆள் மறுபடி அன்ரியல்னு ஆரம்பிச்சா, இந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தட்டுக்குக் கீழ வெச்சுட்டு வந்துடப் போறேன்.

டிஸ்கி: நான் இன்னும் ஸ்கைரிம் முக்கியக் கதையை முடிக்கலை. நடுவுல வண்ணத்துப்பூச்சி பிடிக்கப் போயிட்டேன்.